சிட்டி கிளார்க் ஆபீஸில் என்னதான் நடக்கிறது?

அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்தவர்களின் காதில் இந்தப் பெயர் எப்படியாவது விழுந்திருக்கும். நியூயார்க்கில் கல்யாணம் செய்துகொள்ள லைசென்ஸ் வேண்டுமா, சிட்டி கிளார்க் ஆபீஸுக்குப் போக வேண்டும். சிகாகோவில் கார் வைத்திருந்தால் முன்கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வாங்கியாக வேண்டும், அதை விற்பதும் சிட்டி கிளார்க். கலிஃபோர்னியாவில் தெருவோர மரத்தின் கிளை முறிந்து காரின் மேல் விழுந்துவிட்டது, நகராட்சியிடம் நஷ்டஈடு கேட்கலாமா என்று விசாரித்தால் சிட்டி கிளார்க்கிடம் எழுதிக் கொடுங்கள் என்பார்கள். கல்யாணம், கார் ஸ்டிக்கர், மரக்கிளை. இவ்வளவு சம்பந்தமில்லாத வேலைகள் ஒரே ஆபீஸுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று புரியாமல்தான் பலரும் அந்தக் கவுன்டரில் வரிசையில் நிற்கிறார்கள்.

சுருக்கமான பதில் இதுதான். நகராட்சிக்கு ஒரு தாள் அதிகாரபூர்வமாக வந்து சேர வேண்டும் என்றாலும், நகராட்சியிலிருந்து ஒரு முடிவு அதிகாரபூர்வமாக வெளியே போக வேண்டும் என்றாலும், பெரும்பாலும் அது இந்த ஆபீஸைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மேயர் பேசுவார், கவுன்சிலர்கள் சண்டை போடுவார்கள், நகர மேலாளர் ஆட்களை வைத்து வேலை வாங்குவார். இதிலெல்லாம் எது நகரத்தின் முடிவு, எது வெறும் பேச்சு என்று பதிவில் ஏற்றுகிறவர் கிளார்க். நம் ஊர்க் கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு அவர் காசு போடவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை, ஆனால் பத்து வருஷம் கழித்து யார் எவ்வளவு செய்தார் என்று பேச்சு வந்தால் எல்லோரும் தேடுவது அவர் எழுதிய நோட்டைத்தான்.

மேலே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகராட்சி என்ற பேச்சே கிடையாது. நகரங்கள் எல்லாம் அந்தந்த மாநிலச் சட்டத்தால் உருவானவை, அதனால் கிளார்க்கின் வேலையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். நான் பெரும்பாலும் கலிஃபோர்னியாவை வைத்தே சொல்லப் போகிறேன், ஏனென்றால் அங்கே யார் எதை எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்று சட்டம் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறது, புதிதாகப் படிப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள அது வசதி.

ஒரு உதாரணத்தோடு போகலாம். உங்கள் ஊரில் பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் இயந்திரத்தைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு கவுன்சிலர் கிளம்புகிறார் (கலிஃபோர்னியாவில் பல ஊர்களில் நிஜமாகவே நடந்த கதை, காலை ஏழு மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை). அவர் நினைத்தவுடனே கூட்டத்தில் எழுந்து அதைப் பேசி ஓட்டுக்கு விட முடியாது. முதலில் அது அஜெண்டாவில் ஏற வேண்டும். அந்த அஜெண்டாவைத் தொகுத்து, ஒவ்வொரு விஷயத்துக்கும் எண் போட்டு, துறைகள் அனுப்பும் அறிக்கைகளைப் பின்னால் சேர்த்து வெளியிடுவது பெரும்பாலான ஊர்களில் கிளார்க் ஆபீஸின் வேலை. கவுன்சில் கூட்டங்கள் மக்கள் முன்னால் திறந்த முறையில் நடக்க வேண்டும் என்று 1953இல் வந்த கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக அஜெண்டாவைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்டியாக வேண்டும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம் போதும். செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் என்றால் சனிக்கிழமை ஏழு மணிக்குள் ஒட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு. சனிக்கிழமை யாரும் ஆபீஸுக்கு வர மாட்டார்கள் என்பதால் வியாழன் அல்லது வெள்ளியே ஒட்டிவிடுவார்கள், அதனால் வியாழக்கிழமை கிளார்க் ஆபீஸில் போய் அரட்டை அடிக்க நினைக்காதீர்கள்.

இந்த 72 மணி நேரம் சும்மா சம்பிரதாயம் இல்லை. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைக் கவுன்சில் விவாதிக்கவோ முடிவு செய்யவோ கூடாது, அபூர்வமான அவசரங்களைத் தவிர. பொதுமக்கள் யாராவது எழுந்து வேறு ஒரு பிரச்சினையைச் சொன்னால் கவுன்சிலர்கள் இரண்டு வார்த்தை பதில் சொல்லலாம், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லி அதிகாரிகளைக் கேட்கலாம், அவ்வளவுதான். முதல் முறை கூட்டத்துக்குப் போகிறவர்கள் பலர் இதைத் தெரியாமல் கோபப்படுகிறார்கள். மூன்று நிமிஷம் உருக்கமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தால் மேடையில் ஐந்து பேரும் கல்லாட்டம் இருக்கிறார்களே என்று தோன்றும். அலட்சியமாகவும் இருக்கலாம், யார் கண்டது, ஆனால் பாதி நேரம் சட்டம் வாயைக் கட்டிப்போட்டிருப்பதுதான் காரணம்.

கூட்டத்தில் கிளார்க் எங்கே இருப்பார்? மேடைக்கு ஒரு ஓரமாக, மைக்கும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு. பேச விரும்புகிறவர்கள் நிரப்பும் சின்ன அட்டை அவரிடம்தான் போகும், பேச்சு நேரத்துக்கான பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கையும் பல ஊர்களில் அவர்தான் அழுத்துவார். அட்டையில் பெயர் எழுதச் சொல்வார்கள், ஆனால் கூட்டத்தில் கலந்துகொள்ள உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஓட்டெடுப்பு வந்தால் ஒவ்வொரு கவுன்சிலர் பெயராக வாசித்து ஆமாம், இல்லை, விலகினேன் என்று வாங்கிப் பதிவார். அதன் பிறகு எழுதும் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், யார் எவ்வளவு அழகாகப் பேசினார் என்பதெல்லாம் இருக்காது. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் எப்படி ஓட்டுப் போட்டார். இவ்வளவு வறட்டுத்தனமாக இருக்கிறதே என்று ஆரம்பத்தில் எனக்கும் தோன்றியது, ஆனால் பேச்சைச் சுருக்கி எழுத ஆரம்பித்தால் யாருடைய பேச்சை எப்படிச் சுருக்குவது என்பதிலேயே பாரபட்சம் நுழைந்துவிடும், அந்த வம்பே வேண்டாம் என்று பல கிளார்க்குகள் இந்த மொட்டை வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். முழுப் பேச்சு வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் வீடியோ இருக்கிறதே.

சரி, இலை ஊதும் இயந்திரத்துக்கு வருவோம். தீர்மானம் என்றால் ஒரே ஓட்டில் முடிந்துவிடும். அபராதம் போடும் அளவுக்கு நகரச் சட்டமாக வர வேண்டும் என்றால் பொதுவாக இரண்டு கூட்டம் வேண்டும், முதல் வாசிப்புக்கும் நிறைவேற்றுவதற்கும் நடுவில் குறைந்தது ஐந்து நாள். நிறைவேறியதும் கிளார்க் அதற்கு எண் போட்டு, மேயர் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டு, 15 நாளுக்குள் பத்திரிகையில் வெளியிட ஏற்பாடு செய்வார். சாதாரணச் சட்டம் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். அந்த 30 நாளை ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்? சட்டம் பிடிக்காதவர்கள் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்புவதற்கு. ஊரில் பதிவான வாக்காளர்களில் 10 சதவீதம் பேரின் கையெழுத்தை அந்த அவகாசத்துக்குள் சேர்த்துக் கொண்டுவந்தால் சட்டம் அமலுக்கு வராமல் அப்படியே நிற்கும், கவுன்சிலே அதை ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் மக்களின் ஓட்டுக்கு விட வேண்டும். அந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்க வேண்டிய இடமும் கிளார்க் கவுன்டர்தான்.

இந்த இடத்தில்தான் இந்தப் பதவியின் குணமே தெரிகிறது. மனுவில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பது கிளார்க்கின் கவலை இல்லை. படிவம் சட்டப்படி இருக்கிறதா, கையெழுத்து போதுமா, நாள் கடந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பார். தன்னை வேலைக்கு வைத்த மேயரையே பதவியிலிருந்து இறக்கச் சொல்லும் மனு வந்தாலும் சரியாக இருந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும், எவ்வளவு நல்ல காரியத்துக்கான மனுவாக இருந்தாலும் கையெழுத்து நூறு குறைந்தால் குறைந்ததுதான். தன் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாத கடமை என்று சட்டம் இதைப் பார்க்கிறது.

அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் உதாரணம் இருக்கிறது, இரண்டுமே மாவட்ட அளவிலான கவுன்டி கிளார்க் ஆபீஸ் விவகாரம் என்றாலும் தத்துவம் ஒன்றுதான். 2004 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் கேவின் நியூசம் சொல்லி, மாநிலச் சட்டம் அனுமதிக்காத நேரத்தில் ஒரே பாலினத்தவர்களுக்குத் திருமண லைசென்ஸ் கொடுத்தார்கள். ஆகஸ்டில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த ஏறக்குறைய 4,000 திருமணங்களும் செல்லாது என்றது. அந்தச் சட்டம் நியாயமா இல்லையா என்ற கேள்விக்கே நீதிமன்றம் அப்போது போகவில்லை, சட்டம் செல்லாது என்று முடிவு செய்வது உள்ளூர் அதிகாரியின் வேலை இல்லை என்பதுதான் தீர்ப்பு. 2015இல் நேர் எதிர்ப் பக்கம்: ஒரே பாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டபூர்வம் ஆன பிறகு கென்டக்கி மாநிலத்தில் ரோவன் கவுன்டியின் கிளார்க் கிம் டேவிஸ் மத நம்பிக்கையைக் காட்டி லைசென்ஸ் கொடுக்க மறுத்தார், நீதிமன்ற உத்தரவையும் மதிக்கவில்லை, சில நாள் சிறையில் இருந்தார். இந்த இரண்டில் யார் பக்கம் உங்கள் மனசு சாய்ந்தாலும், கவுன்டரில் இருப்பவர் தன் மனசாட்சிப்படி தாள் கொடுக்க ஆரம்பித்தால் நாளைக்கு உங்கள் தாளும் அவர் மனசைப் பொறுத்துத்தான் வரும் என்பதால் இந்த விஷயத்தில் நான் நீதிமன்றங்களின் கட்சி.

இப்போது மரக்கிளை. நம் ஆட்கள் பலர் பணத்தை இழப்பது இந்த விஷயம் தெரியாமல்தான். கலிஃபோர்னியாவில் நகராட்சியின் தவறால் உங்களுக்கு அடிபட்டாலோ கார் மாதிரியான பொருள் சேதமானாலோ நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட முடியாது. முதலில் நகராட்சியிடம் எழுத்தில் கோரிக்கை வைக்க வேண்டும், சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள். தனியார் மேல் வழக்குப் போட இரண்டு, மூன்று வருஷம் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெயர், முகவரி, எந்தத் தேதியில் எந்த இடத்தில் என்ன நடந்தது, என்ன சேதம், 10,000 டாலருக்குள் என்றால் எவ்வளவு தொகை, இதையெல்லாம் எழுதி கிளார்க் ஆபீஸில் கொடுக்க வேண்டும், பெரும்பாலான ஊர்களில் அதற்கென்று படிவமே இருக்கும். நகராட்சிக்கு 45 நாள் அவகாசம். நிராகரித்து எழுத்தில் அறிவித்தால் அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம்.

கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். கவுன்டரில் தேதியும் நேரமும் அடிக்கும் ஒரு மெஷின் இருக்கும், தாளை அதன் வாயில் செருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு முத்திரை விழும். உங்கள் பிரதியிலும் அதை அடித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவார்கள். அந்த ஆபீஸிலேயே அதிக அதிகாரம் உள்ள பொருள் அந்த மெஷின்தான் என்பது என் அபிப்பிராயம். சாலை போடும் கான்ட்ராக்டுக்கு மூடி முத்திரையிட்ட டெண்டர் கவர்கள் கிளார்க் ஆபீஸுக்கு வரும் ஊர்களில் போய்ப் பார்த்தால் தெரியும், மத்தியானம் இரண்டு மணி கெடு என்றால் இரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு ஓடிவரும் ஆளின் கவர் பிரிக்கப்படாமலே திரும்பிப் போகும். எத்தனை லட்சம் டாலர் வேலையாக இருந்தாலும், டிராஃபிக் என்று சொன்னாலும்.

அடுத்தது ஆவணங்கள். கவுன்சில் தீர்மானங்கள், ஒப்பந்தங்கள், சட்டங்கள், பழைய வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் காவலர் கிளார்க். லாஸ் ஏஞ்சலஸில் நகர ஆவணக் காப்பகமே சிட்டி கிளார்க்கின் கீழ் இருக்கிறது, கவுன்சிலுக்கு வரும் ஒவ்வொரு விவகாரத்துக்கும் ஒரு ஃபைல் எண் கொடுத்து அதை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். 24-0600 என்று போட்டால் 2024ஆம் ஆண்டின் பட்ஜெட் சம்பந்தமான தாள்கள் வரிசையாக வந்து நிற்கும்.

வெளியிடாத ஒன்று வேண்டும் என்றால் கேட்டு வாங்கலாம். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது, கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டம் 1968இலேயே வந்துவிட்டது. அங்கே போலவே இங்கேயும் ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்கக் கூடாது. இந்தியாவில் 30 நாள் என்றால் இங்கே 10 நாளுக்குள் தர முடியுமா முடியாதா என்று பதில் சொல்ல வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் 14 நாள் நீட்டிக்கொள்ளலாம். பதில் சொல்லத்தான் 10 நாள், கையில் தாள் கொடுப்பதற்கு அல்ல, அந்த வித்தியாசத்தில் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் ஊர்களும் உண்டு. நியூஜெர்சியில், எடிசன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் கவனிக்க, ஊராட்சிகளின் ஆவணப் பொறுப்பாளர் முனிசிபல் கிளார்க்தான், அங்கே பொதுவாக 7 வேலை நாள். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் தகவல் சட்டத்தைக் காட்டி நகராட்சியிடம் கேட்டு எழுதுவது வீண், அது நகராட்சிகளைக் கட்டுப்படுத்தாது.

இந்த ஆவண வேலை கெட்டுப்போனால் ஊர் என்ன ஆகும் என்பதற்கு பெல் என்ற ஊரைச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர், மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு, உழைப்பாளி ஜனங்கள். 2005இல் அங்கே ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தி ஊருக்குத் தனி சாசனம், அதாவது ஊரின் சொந்த அடிப்படைச் சட்டம், கொண்டுவந்தார்கள், கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பிலிருந்து தப்பிக்க அது வழிசெய்தது. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர் கூட இல்லை. 2008இல் ஊர்க்காரர் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, கவுன்சிலர்களுக்கும் நகர மேலாளருக்கும் எவ்வளவு சம்பளம் என்று எழுதிக் கேட்டார். கிடைத்த பதிலில் கவுன்சிலருக்கு மாதம் 673 டாலர் என்று இருந்தது. பொய். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிஜக் கணக்கை வெளியிட்டபோது நகர மேலாளர் ராபர்ட் ரிசோவின் சம்பளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர், பகுதிநேரக் கவுன்சிலர்கள் பெரும்பாலோருக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. ரிசோவுக்கு 2014இல் 12 வருஷ சிறைத் தண்டனை, பத்திரிகைக்கு 2011இன் புலிட்சர் பரிசு.

இந்தக் கதையை எல்லோரும் பேராசைக் கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த 673 டாலர் தாள்தான் உறுத்துகிறது. ஊர்க்காரர் சரியான வழியில், சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். பதிவுகளின் காவலர் என்று ஒரு பதவி இருந்தும் மேலே இருந்தவர் சொன்ன பொய்க் கணக்கு நகராட்சியின் பதிலாக வெளியே போனது. நகர மேலாளருக்குப் பயந்து வேலை செய்யும் ஒரு கிளார்க் ஆபீஸ் இருந்தால் பிரவுன் சட்டம், ஆவணச் சட்டம் எல்லாம் சுவரில் மாட்டிய படம் மட்டும்தான். அதனால்தான் கிளார்க்கை யார் நியமிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் ஓயாத விவாதம். சிகாகோவில் மேயர், பொருளாளர் போலவே கிளார்க்கும் நகரம் முழுவதும் ஓட்டு வாங்கி வர வேண்டும். நியூயார்க்கில் நகர மன்றம் ஆறு வருஷத்துக்கு நியமிக்கிறது. கலிஃபோர்னியாவின் சின்ன ஊர்களில் தேர்தல், கவுன்சில் நியமனம், மேலாளர் நியமனம் மூன்றும் உண்டு. தேர்தலில் வருகிறவருக்கு முதுகெலும்பு இருக்கும், ஆனால் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நியூஜெர்சி வேறு வழி பிடித்தது: பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவரைத்தான் கிளார்க்காக வைக்க முடியும், ஒரு தவணை முடிந்து மறுபடி நியமித்துவிட்டால் வேலை நிரந்தரம், நினைத்தபோது தூக்க முடியாது. எனக்கு அதுதான் நல்ல ஏற்பாடாகப் படுகிறது. மேலாளரே கிளார்க்கை வைத்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே மோசம்.

பதவியில் இருப்பவர்களின் சொத்து, வருமான விவரங்கள் அடங்கிய ஃபார்ம் 700 என்று ஒன்று இருக்கிறது, அதையும் கலிஃபோர்னியாவில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கவுன்சிலருக்கு எந்தத் தெருவில் முதலீட்டு மனை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அஜெண்டாவைப் படித்துப் பாருங்கள், சில கூட்டங்கள் திடீரென்று சுவாரசியமாகிவிடும். வேட்பாளர்கள் யாரிடம் எவ்வளவு நன்கொடை வாங்கினார்கள் என்ற கணக்கு கிளார்க் ஆபீஸில் இருக்கும்.

தேர்தல் வேலையில் மாநிலங்களுக்குள் வித்தியாசம் மிக அதிகம். கலிஃபோர்னியாவில் ஓட்டுப்பெட்டி, எண்ணிக்கை எல்லாம் கவுன்டி பார்த்துக்கொள்ளும், சிட்டி கிளார்க் வேட்புமனு வாங்குவதோடு சரி. வழக்கமான கவுன்சில் தேர்தல் என்றால் தேர்தலுக்கு 113 நாள் முன்னால் மனு கொடுக்க ஆரம்பித்து 88ஆவது நாள் முடிப்பார்கள், வேட்பாளர் 20 முதல் 30 வாக்காளர்களின் கையெழுத்து வாங்கி வர வேண்டும். மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் நிலைமையே வேறு, ஜனாதிபதித் தேர்தல் உட்பட ஓட்டு நடத்துவதே நகர, ஊர் கிளார்க்குகள்தான். 2024 நவம்பர் தேர்தலில் விஸ்கான்சினின் தலைநகர் மாடிசனில், வாக்குச்சாவடிக்கு வராமல் முன்கூட்டியே போட்ட ஓட்டுகளில் 193 எண்ணப்படாமலே கிடந்தன என்று பிறகு தெரியவந்தது. எந்த முடிவும் அதனால் மாறவில்லை, ஆனாலும் விசாரணைகள் வந்தன, பல வருஷம் பதவியில் இருந்த கிளார்க் அடுத்த ஆண்டு விலகினார். நூற்றுத் தொண்ணூற்று மூன்று கவர்களுக்காகவா என்று கேட்பவர்கள் அந்தக் கவரில் ஒன்று தன்னுடையது என்று நினைத்துப் பார்க்கலாம்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன், இதைப் படிக்கும் சிலருக்கு உடனடித் தேவையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் தாலி, பிறகு பதிவு. இங்கே முதலில் லைசென்ஸ், பிறகுதான் தாலி. நியூயார்க் நகரத்தில் சிட்டி கிளார்க் ஆபீஸில் 35 டாலர் கட்டி இருவரும் வாங்க வேண்டும், வாங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் செய்யலாம், 60 நாளுக்குள் செய்துவிட வேண்டும். மன்ஹாட்டனில் வொர்த் தெருவில் இருக்கும் அந்த ஆபீஸிலேயே இன்னும் 25 டாலருக்கு சில நிமிஷத்தில் சடங்கை முடித்துக்கொள்ளும் ஜோடிகள் தினமும் உண்டு, வாசலில் பூக்கொத்தும் ஃபோட்டோக்காரர்களுமாகத் திருவிழா மாதிரி இருக்கும். ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலில் முறைப்படி செய்யப் போகிறோம் என்றாலும் லைசென்ஸ் வேண்டும். நகர எல்லைக்குள் கல்யாணம் செய்து வைக்கும் குருக்களும் சிட்டி கிளார்க்கிடம் தன் பெயரைப் பதிந்திருக்க வேண்டும், ஊரிலிருந்து வந்த தெரிந்த சாஸ்திரிகளை வைத்து முடிக்க நினைப்பவர்கள் இதை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்த பிறகு அவர் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் 5 நாளுக்குள் கிளார்க் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் இதே வேலையைச் செய்வது கவுன்டி கிளார்க், அங்கே போய் நகராட்சிக் கவுன்டரில் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

மற்றவை உதிரி. பல ஊர்களில் நாய் லைசென்ஸ் இங்கேதான். மாசசூசெட்ஸில் பிறப்பு, இறப்புப் பதிவும் ஊர் கிளார்க்கிடம் இருக்கும். வெர்மான்ட்டில் வீட்டுப் பத்திரங்களைப் பதிவு செய்வதே டவுன் கிளார்க், நம் சார்பதிவாளர் மாதிரி. பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கும் கிளார்க் ஆபீஸ்களும் நிறைய உண்டு, தபால் நிலையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் அலைகிறவர்கள் உங்கள் ஊர் கிளார்க்கின் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். குழந்தைக்கு எடுக்கிறீர்கள், 16 வயதுக்குக் கீழே என்றால், பொதுவாக அப்பா அம்மா இரண்டு பேரும் நேரில் போக வேண்டும்.

புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது கிளார்க்கின் அஜெண்டா மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுப்பது, இலவசம்தான். வருவதை எல்லாம் படிக்க வேண்டியதில்லை, கன்சென்ட் காலண்டர் என்ற பகுதியை மட்டும் ஓட்டிப் பாருங்கள், விவாதமே இல்லாமல் மொத்தமாக ஒரே ஓட்டில் நிறைவேறுகிற விஷயங்கள் அங்கே இருக்கும், பெரிய ஒப்பந்தங்களும் சில சமயம் அங்கேதான் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு விஷயத்தைத் தனியாக எடுத்துப் பேசச் சொல்லிக் கேட்டு எழுதலாம். எழுதும்போது தலைப்பிலேயே அஜெண்டா எண்ணைப் போடுங்கள், அஜெண்டாவில் அச்சிட்டிருக்கும் கெடு நேரத்துக்கு முன்னால் அனுப்புங்கள். கெடு தாண்டி வருவதும் பதிவில் சேரும், ஆனால் கூட்டத்துக்கு முன் கவுன்சிலர்கள் அதைப் பார்ப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.